வெள்ளம் புகுந்த மளிகைக் கடையைத் தெருவே சேர்ந்து மீட்பது எப்படி: முழு வழிகாட்டி

வெள்ளம் வடிந்த மறுநாள் அண்ணாச்சி கடையைக் கழுவிவிட ஆள் பஞ்சம் இருக்காது. தெருவே துடைப்பத்தோடு வந்து நிற்கும். மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். மொத்த வியாபாரி பழைய பாக்கியைக் கேட்பதும், வாடகை தேதி வருவதும், பற்று நோட்டு சேறாகிப் போனதால் யார் எவ்வளவு தரவேண்டும் என்றே தெரியாமல் போவதும் அப்போதுதான். தண்ணீரைத் தாங்கிய பல கடைகள் இந்தக் கட்டத்தில்தான் மூடப்படுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கழுவும் வேலைக்குக் கொடுத்த அளவு இடத்தைக் கணக்குக்கும் கொடுத்திருக்கிறோம்.

இங்கே சொல்வது பத்துக்குப் பதினைந்து அடி அளவுள்ள, வாடகைக் கட்டடத்தில் நடக்கும், மாதப் பற்று வைத்துச் சாமான் கொடுக்கும் மளிகைக் கடைக்கு. டீக்கடை, பலசரக்குக் கடை, மருந்துக் கடைக்கும் முக்கால்வாசி பொருந்தும். மருந்துக் கடையில் எதை எறிவது என்பதை மட்டும் மருந்து ஆய்வாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதலில்: எந்தத் தண்ணீர் வந்தது?

2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரைக் கடைகளுக்குள் புகுந்தது ஆற்று நீரும் சாக்கடையும் கலந்த தண்ணீர். 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் அதோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்ணீர் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. மூன்றுக்கும் வேலை வேறு.

வண்டல் என்றால் ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஷட்டர் பள்ளத்திலும் ரேக் இடுக்கிலும் இறுகிப்போய் உளியால் கொத்தத்தான் முடியும். சாக்கடை கலந்திருந்தால், மூடிய தகர டப்பா தவிர, தண்ணீர் பட்ட எந்த உணவுப் பொருளுக்கும் இரண்டாம் பேச்சு கிடையாது, எறியத்தான் வேண்டும். எண்ணெய் கலந்திருந்தால் முதலில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, அது சுவர் முழுக்க எண்ணெயைப் பரப்பும். மரத்தூளோ தவிடோ தூவி ஊறவைத்து, கூட்டி அள்ளி, அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். அள்ளிய தூளை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

ஷட்டரைத் தூக்கும் முன்

தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்பி உள்ளே காலை வைக்காதீர்கள், எந்த நேரமும் வரலாம். மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கேரியரை உருவிவிட வேண்டும். மீட்டர் பலகை வரை தண்ணீர் ஏறியிருந்தால் அதையும் நீங்கள் தொடக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, வயர்மேன் வந்து கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்கும்வரை காத்திருங்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி தண்ணீரில் மூழ்காமல் மேல் தட்டில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள்.

அடுத்தது கட்டடம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் புடைத்திருந்தாலோ, மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் புதிதாக ஈரத் திட்டு தெரிந்தாலோ கொத்தனார் பார்க்காமல் யாரும் உள்ளே போகவேண்டாம். ஊறிய அரிசி மூட்டைகள் உப்பிச் சரியும், அடுக்கின் கீழே குனியாதீர்கள். மூட்டைகளுக்குப் பின்னால் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள்.

உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் முழங்கால் வரையான ரப்பர் பூட்ஸும் கனமான கையுறையும் வேண்டும். கால் புண் உள்ளவரும் சர்க்கரை நோயாளியும் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் வரும் வழியே அதுதான். இறங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மாத்திரை, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சாக்கைக்கூட நகர்த்தாமல் எடுக்கவேண்டிய படங்கள்

நல்ல மனதோடு செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கும். ஆர்வத்தில் எல்லாவற்றையும் தெருவில் கொட்டிக் கழுவிவிட்டால், ஏழெட்டு லட்ச ரூபாய்ச் சரக்கு போனதற்கு ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

செல்போனில் முதலில் வெளியிலிருந்து, கடைப் பெயர்ப் பலகை தெரியும்படி ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே போங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டருகே டேப் வைத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி ஒரு படம். பிறகு ரேக் ரேக்காக. மூழ்கிய பொருட்களின் பேட்ச் எண் தெரியும்படி சில நெருக்கப் படங்கள். குளிர்பெட்டி, தராசு, கம்ப்யூட்டர் இருந்தால் அவற்றின் மாடல் எண் பட்டையையும் எடுங்கள்.

அதற்குப் பிறகு பட்டியல். ஒருவர் பொருளைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, கடைக்காரர் பக்கத்தில் நின்று விலை சொல்ல வேண்டும். நான்கு பத்தி போதும்: பொருள், எண்ணிக்கை, கொள்முதல் விலை, நிலை. அரிசி மூட்டையில் 25 கிலோவா 26 கிலோவா என்று சாக்கைப் பார்த்து எழுதுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பொட்டலங்களுக்கு ஜிஎஸ்டி வந்தபின் பல ஆலைகள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கிவிட்டன, மூட்டைக்கு ஒரு கிலோ கணக்கில் விட்டுப்போகும். விற்பனை விலையை எழுதவே கூடாது. காப்பீட்டில் கிடைப்பது கொள்முதல் மதிப்புதான். ஏற்றி எழுதிய பட்டியலை, இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் ஒருமுறை சந்தேகப்பட்டால் மிச்சத்தையும் நம்பமாட்டார்.

“எனக்கு இன்சூரன்ஸ் எதுவும் இல்லைப்பா” என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். வங்கியில் ஓவர்டிராஃப்டோ (ஓடி), சரக்கின் மேல் கடனோ வாங்கியிருந்தால் வங்கியே சரக்குக்குக் காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் கணக்கில் கழித்திருக்கும். கடந்த ஓராண்டு பாஸ்புக்கில் பிரீமியம் வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாலிசியில் புயல், வெள்ளப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, அன்றே இழப்பைத் தெரிவித்து கிளெய்ம் எண்ணை வாங்குங்கள். சர்வேயர் வரத் தாமதமாகி, அரிசி நாறத் தொடங்கினால், “அப்புறப்படுத்தலாமா” என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பின்னால் நிற்காது.

ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். கடையில் 8 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருந்து, 4 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 3 லட்ச இழப்புக்கு 3 லட்சம் வராது. பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் பாதி, அதாவது ஒன்றரை லட்சம் என்ற கணக்கில்தான் பொதுவாகப் பேச்சு தொடங்கும்.

பில்கள் எல்லாம் கரைந்துபோயிருக்கும். மொத்த வியாபாரிகளிடம் நகல் கேட்கலாம். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இணையதளத்தில் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் மாதவாரியாகக் கொள்முதல் பில் எண்ணும் தொகையும் கிடக்கும், தண்ணீரில் கரையாத பில்கட்டு அதுதான். அழிந்த சரக்கை வாங்கியபோது கட்டி, கணக்கில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) திருப்பிக் கட்டவேண்டும் என்பதால் ஆடிட்டரிடம் பட்டியலின் ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு நகல் கிராம நிர்வாக அலுவலரிடம் அல்லது மாநகராட்சி வட்டார அலுவலகத்தில். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கடைக்காரர் வணிகர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் அங்கேயும் ஒன்று.

பற்று நோட்டு

கடையில் முதலில் காப்பாற்ற வேண்டிய பொருள் இதுதான், அரிசி மூட்டைகூட அடுத்தபடிதான். அறுபது வீடுகள் சராசரியாக 2,500 ரூபாய் பாக்கி வைத்திருந்தால் அது 1,50,000 ரூபாய். வட்டியில்லாமல், யாரிடமும் கை நீட்டாமல் கிடைக்கும் முதல்.

நனைந்த நோட்டைப் பிரித்துப் பார்க்கத் துடிக்காதீர்கள். ஒட்டிய தாள்களை இழுத்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். சேற்றை நோட்டை மூடியபடியே மெதுவாக வழித்துவிட்டு, தானாகப் பிரியும் தாள்களுக்கு இடையில் அச்சில்லாத வெள்ளைத் தாளையோ டிஷ்யூவையோ செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். மணிக்கொருமுறை செருகிய தாளை மாற்ற வேண்டும். பிரிந்த பக்கத்தை அப்போதே படம் எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் இன்னும் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தால் இரண்டு நாளில் பூஞ்சை முந்திக்கொள்ளும். மின்சாரம் இல்லாத தெருவில் நிழலில் காயவைக்க வழியில்லை என்றால் பாலிதீன் பையில் சுற்றி, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, வாரக்கணக்கில் தாங்கும். பால்பாயின்ட் எழுத்து பெரும்பாலும் பிழைக்கும், ஜெல் பேனா எழுத்து பெரும்பாலும் கரைந்திருக்கும்.

படிக்க முடியாத பக்கங்களுக்கு ஒரே வழி: தரவேண்டியவரே சொல்வது. இதைக் கடைக்காரர் கேட்டால் கூசுவார், தெருக்காரர் கேட்கலாம். வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சீட்டும் உறையும் கொடுங்கள். “கடைக்கு நான் தரவேண்டியது ரூ.____, இன்று தருவது ரூ.____, மீதி தரும் தேதி ____” என்று எழுதி, ஒட்டி, கடைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டால், வெள்ளத்தில் தன் வீட்டையே இழந்தவர் குறுகிப்போய் அதன்பின் கடைப் பக்கமே வரமாட்டார்.

2018 கஜா புயலுக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களின் கடனையெல்லாம் தள்ளுபடி செய்து பலகை வைத்த செய்தி வந்தது. கடைக்காரர்கள் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். அதனாலேயே பாக்கியைத் தாமே முன்வந்து தீர்ப்பதைத் தெரு முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

எதை எறிவது, எதை வைப்பது

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்த அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை, மசாலாப் பொடி, காகித அட்டைப் பொட்டலம் எல்லாம் கழிவு. மூடி திருகிய பாட்டில்களும் அப்படியே. ஜாம், சாஸ், தேன், எண்ணெய் பாட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மூடிக்கு அடியில் சாக்கடைத் தண்ணீர் நின்றிருக்கும், அதைக் கழுவி எடுக்க முடியாது. பிஸ்கட், சிப்ஸ், பால்பவுடர் பாக்கெட்டுகளும் வேண்டாம். பிழைப்பது உப்பாத, துருப்பிடிக்காத, நசுங்காத தகர டப்பாக்கள் மட்டும். லேபிளை உரித்து, சோப்பால் கழுவி, கீழே சொல்லும் மென்கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து, மார்க்கரில் பெயரும் காலாவதித் தேதியும் எழுதுங்கள். எவர்சில்வர் பாத்திரம், பிளாஸ்டிக் வாளி, கண்ணாடிச் சாமான் எல்லாம் கழுவினால் போதும்.

எறியும் முன் கம்பெனிவாரியாகப் பிரியுங்கள். சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, சிகைக்காய்க் கம்பெனிகளின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சில நேரம் சேதச் சரக்கை மாற்றித் தருவார்கள் அல்லது அடுத்த பில்லில் கழிப்பார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் சேல்ஸ்மேன் படம் எடுத்து மேலே அனுப்பவாவது சரக்கு கண்ணில் படவேண்டும். கலந்து கொட்டிய குவியலை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஊறிய அரிசியைக் காயவைத்து ஏழைகளுக்குக் கொடுக்கலாம், மாட்டுக்குப் போடலாம் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். பூஞ்சை நஞ்சு சமைத்தாலும் போகாது. மாடு திடீரென்று தானியத்தை நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி இரண்டு நாளில் விழுந்துவிடும். வெள்ளச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வண்டியோடு வருபவர்கள் உண்டு. அது கழுவி, உலர்த்தி, வேறு ஊர்ச் சந்தையில் உங்கள் அண்ணாச்சி பெயரில்லாமல் விற்கப்படும். பாக்கெட்டுகளைக் கத்தியால் கிழித்து, பவுடர்களைக் கொட்டிக் கலந்து, சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லி வண்டியில் ஏற்றுங்கள். கட்டிய சாக்கை அப்படியே வைத்தால் அரிசி ஒன்றிரண்டு நாளில் புளித்து, வாடை தெருவைத் தூக்கும்.

எலி மருந்து, பூச்சி மருந்து, ஆசிட் பாட்டில் உடைந்திருந்தால் அந்த மூலையைத் தனியாக, கடைசியில், அனுபவமுள்ள இருவர் மட்டும் பாருங்கள்.

சேறு அள்ளுதலும் கழுவுதலும்

இந்த அளவுக் கடைக்குள் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இருபது பேர் நுழைந்தால் மண்வெட்டி ஓங்க இடமிருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அணி. உள்ளே ஆறு, பாண்டு கைமாற்ற வாசலில் நான்கு. மிச்சப் பேருக்குப் பட்டியல், நோட்டு, பாத்திரம் கழுவுதல், கடைக்காரர் வீட்டைச் சுத்தம் செய்தல், சாப்பாடு. கடையிலேயே படுத்து வேலை பார்க்கும் பையன்களின் துணியும் பெட்டியும் வெள்ளத்தில்தான் போயிருக்கும். மாற்றுத் துணியும், வேலையில்லாத நாட்களுக்கான கூலியும் யார் பொறுப்பு என்று அன்றே பேசி முடியுங்கள்.

மளிகைக் கடைச் சேறு வீட்டுச் சேறு மாதிரி அல்ல. மிளகாய்த்தூள் கலந்த சேறு கையையும் கண்ணையும் எரிக்கும், முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் அந்த ரேக்கைத் தொடவேண்டாம். எண்ணெய் கொட்டிய இடம் வழுக்கும், தவிடு தூவிவிட்டுக் கால் வையுங்கள். வெல்லமும் சர்க்கரையும் கரைந்த தரையை வெந்நீரால் இரண்டு முறை கழுவாவிட்டால் எறும்பும் ஈயும் மாதக்கணக்கில் போகாது. கல் உப்பு மூட்டை கரைந்ததுதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. அந்த உப்புநீர் இரும்பு ரேக்கின் அடிப்பாகத்தில் ஊறி, ஆறே மாதத்தில் காலைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை அலசி, கம்பி பிரஷால் தேய்த்து, காய்ந்தபின் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும்.

அள்ளிய சேற்றை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள். அடுத்த மழைக்கு அதே தண்ணீர் அதே கடைக்குள் வரும். சாக்கில் கட்டி வாசலோரம் அடுக்குங்கள்.

வரிசை இதுதான்: மேலிருந்து கீழே சேறு அள்ளுதல், வெறும் தண்ணீர், சோப்புத் தண்ணீர், மறுபடி தண்ணீர், கடைசியில் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே பவுடரைத் தூவினால் மணம் வரும், கிருமி சாகாது. அதிலுள்ள குளோரினைச் சேறே தின்றுவிடும். தரைக்கும் சுவருக்கும் 10 லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 170 கிராம் பவுடரைக் கரைத்து, கால் மணி நேரம் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து அடித்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். டப்பா, கரண்டி, சாமான் நிறுக்கும் தட்டு போன்றவற்றுக்கு மென்கரைசல்: 10 லிட்டருக்கு சுமார் 7 கிராம். பவுடர் புதிதாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடர் வெறும் சுண்ணாம்பு. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய சின்னக் கடைக்குள் அது உயிர் போகும் விஷயம்.

காய்வதற்கு விடுங்கள்

பொறுமை தேவைப்படும் இடம் இது, ஆனால் பெயின்டரும் தச்சரும் கிடைத்த நாளில் வேலையை முடித்துவிடத் தோன்றும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் பெயின்ட் அடித்தால் மூன்று மாதத்தில் கொப்பளமாக உரியும், அரிசி மூட்டையைச் சாய்த்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டு ரேக்கை எறிந்துவிடலாம். நல்ல மரப் பலகையை நிழலில், இடைவெளி விட்டு அடுக்கிக் காயவைத்தால் பிழைக்கும்.

மின்வேலையில் சிக்கனம் வேண்டாம். மூழ்கிய சுவிட்ச், பிளக் பாயின்ட், எம்சிபி எல்லாம் மாற்ற வேண்டியவை. உள்ளே வண்டல் தங்கி, அடுத்த ஈரக் காற்றில் கசியும். பைப்புக்குள் ஓடும் வயரை உருவிப் புதிதாகப் போட்டு, மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். குளிர்பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். கம்ப்ரசர் மூடிய கலம் என்பதால் பெரும்பாலும் தப்பும், ரிலேயும் கெபாசிட்டரும் போயிருக்கும். மெக்கானிக் பார்க்கும் முன் ஆர்வத்தில் சுவிட்ச் போட்டால் கம்ப்ரசரும் எரியும். ஐஸ்கிரீம் ஃப்ரீசரும் கூல்டிரிங்ஸ் பெட்டியும் பல கடைகளில் கம்பெனிக்குச் சொந்தம். அதைப் பழுதுபார்க்கத் தெருப் பணத்தைச் செலவழிக்காமல் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொல்லுங்கள்.

மின்தராசு பழுது பார்த்து வந்தாலும் அப்படியே நிறுக்கக் கூடாது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் மறுமுத்திரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்டு வரும் கடைக்கு முதல் வரவே அபராதமாக இருக்கும்.

பணம்

கடைக்காரரிடம் கேட்காமல் நிதி திரட்டத் தொடங்காதீர்கள். அவர் நொந்து உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு வசூலித்தால், நாளை அதே கல்லாவில் அவர் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவார்? சொந்தமல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் மொத்தமும் வருமானமாகக் கணக்காகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் பரிந்துரை, நன்கொடையைவிட முன்பணம். அறுபது வீடுகள் வீட்டுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால் 1,20,000 ரூபாய். மொய் நோட்டு மாதிரி பெயரும் தொகையும் எழுதி, பணம் நேராகக் கடைக்காரர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். இடையில் எந்தத் தனியாளின் ஜிபேவும் வேண்டாம். பின்னால் வாங்கும் சாமானில் கழித்துக்கொள்ள, ஆளுக்கு ஒரு சீட்டு.

சீட்டை எப்படிக் கழிப்பது என்பதில்தான் பல தெருக்கள் கோட்டைவிடும். கடைக்கு விற்பனையில் பத்து சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாயில் வாங்கும் சரக்கின் விற்பனை மதிப்பு சுமார் 1,33,000. முதல் மாதமே எல்லோரும் சீட்டைக் கொடுத்து 1,20,000 ரூபாய்ச் சாமானை எடுத்துக்கொண்டால், கடையில் மிஞ்சுவது 13,000 ரூபாய்ச் சரக்கு. அடுத்த கொள்முதலுக்குக் காசில்லை. உதவி செய்தவர்களே கடையைக் காலி செய்திருப்பார்கள்.

ஆகவே இரண்டு விதி. முதல் இரண்டு மாதம் சீட்டைக் கழிக்கக் கூடாது. மூன்றாம் மாதத்திலிருந்து, பில்லில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் கழிக்கலாம். அறுபது வீடும் மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்கினால் விற்பனை 1,80,000, லாபம் 18,000, அதில் சீட்டுக்குப் போவது 12,000. மூலதனத்தில் கை வைக்காமலே கடன் தீரும். மிச்சமும் மற்ற வாடிக்கையாளர் லாபமும் வாடகைக்கும் கூலிக்கும்.

வெள்ளம் வடிந்த வாரமே தண்டல்காரர் வருவார். 10,000 ரூபாய் கடன், கையில் 9,000, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீத வட்டி. முன்பணத்தை முதல் வாரத்திலேயே திரட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வங்கிக் கடன் இருந்தால், பேரிடர்ப் பகுதிக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி தவணையை மாற்றியமைக்கக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். வெள்ளத்துக்கு முன் தவணை நிலுவையில்லாத கணக்குகளுக்கே அது எளிதில் கிடைக்கும். மொத்த வியாபாரியிடம் கடைக்காரர் தனியாகப் போகாமல் தெருப் பெரியவர் ஒருவரோடு போய், பழைய பாக்கிக்கு மூன்று தவணையும் புதுச் சரக்குக்கு ரொக்கமும் என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். பத்து வருட வாடிக்கையை அவரும் இழக்க விரும்பமாட்டார். கட்டட உரிமையாளரிடம் சுவர், தரை, மின்வயர் செலவு யாருடையது என்பதையும், அட்வான்ஸிலிருந்து இரண்டு மாத வாடகையைக் கழிக்கலாமா என்பதையும் ஒரே அமர்வில் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னதாகத் திறப்பது

கடை முழுதாகக் காயும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ போர்ட்டிகோவிலோ இரண்டு மேசை போட்டு, நான்காம் ஐந்தாம் நாளிலேயே தொடங்கலாம். 30,000 ரூபாய்ச் சரக்கு போதும்: அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, ரவை, பால், பிரெட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, துணிச்சோப்பு, பிளீச்சிங் பவுடர். அந்த வாரம் வேறெதுவும் யாரும் கேட்கப் போவதில்லை.

தெரு செய்யக்கூடிய பெரிய உதவி மாதச் சாமான் லிஸ்ட்டை 25ஆம் தேதிக்குள் கொடுப்பது. நாற்பது வீட்டு லிஸ்ட் கையில் இருந்தால் கடைக்காரர் எது எத்தனை கிலோ என்று கூட்டி, அதை மட்டும் வாங்கி வருவார். தேங்கும் சரக்கில் காசு முடங்காது. மூன்று மாதத்துக்குப் பற்று வேண்டாம், ரொக்கம். ஆனால் வெள்ளத்தில் வேலையிழந்த வீடுகள் எவை என்று கடைக்காரருக்குத் தெரியும், அவர்களுக்குப் பற்று தொடரட்டும். அதை அவர் முடிவுக்கே விடுங்கள். செல்போன் ஆப்பில் பத்து ரூபாய் குறைவு என்று அவரிடமே போய்ச் சொல்லாமல் இருந்தால் நல்லது.

அடுத்த அக்டோபருக்குள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் காப்பீட்டைச் சரக்கின் முழு மதிப்புக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஏறிய கோட்டைச் சுவரில் பெயின்டால் குறித்து, அதற்கு மேலே மின்பலகையையும் இன்வெர்ட்டரையும் ஏற்றுங்கள். கீழ்த்தட்டைச் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்தி, கடப்பா கல் பலகை போட்டால் முழங்கால் தண்ணீருக்குத் தாங்கும். ஞாயிறுதோறும் பற்று நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைக்கும் வேலையைக் கடைப் பையனிடம் கொடுங்கள்.

எச்சரிக்கை வந்த இரவில் தூக்கிவைக்க ஒரு மணி நேரமும் நான்கு பேரும்தான் கிடைப்பார்கள். அப்போது பார்த்து யோசிக்காமல் வரிசையை இப்போதே எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டுங்கள்: நோட்டும் ரொக்கமும், தராசு, பூச்சி மருந்தும் ஆசிட்டும், சர்க்கரை, பருப்பு, அரிசி. கல் உப்பு மூட்டையைத் தூக்க நேரமில்லை என்றால், அதை இரும்பு ரேக்குக்குப் பக்கத்திலிருந்து வாசல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு ஷட்டரை மூடுங்கள்.